காதில் அறைந்துகொள்ளும் மகன்: அடியா, மாத்திரையா என்று கேட்ட தாய்க்கு

ஆட்டிசம் உள்ள உங்கள் மகனுக்கு 11 வயது. பேச்சு சில சொற்களோடு நின்றுவிடுகிறது. கடந்த மூன்று மாதங்களாக, பள்ளி விட்டு வந்ததும் காதில் அறைந்துகொள்கிறான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான், தடுக்கப் போனால் உங்களையும் கடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு அடி போட்டு வளர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்குங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். இரண்டில் எதைச் செய்வது என்பது உங்கள் கேள்வி. சிறப்புக் கல்வியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடி எப்போதும் வேண்டாம், மாத்திரையைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அது சற்று நீளமானது என்பதால் பதிலும் நீளமாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை முதலில் நிறுத்திய சொல் ‘மூன்று மாதங்களாக’ என்பதுதான். இரண்டு வயதிலிருந்தே இருக்கும் ஒரு பழக்கமும், நேற்றுவரை இல்லாமல் புதிதாக முளைத்த ஒரு பழக்கமும் ஒன்றல்ல. புதிதாக வந்ததென்றால் உடம்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பல் வலிக்கிறது, காதில் குத்துகிறது, நான்கு நாட்களாக மலம் இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலியைக் காட்ட இருக்கும் ஒரே வழி கையும் பல்லும்தான். மலச்சிக்கலும் வயிற்று உபாதைகளும் தூக்கக் குறைவும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. வலிப்பும் அப்படியே, அது பதின்பருவத்தில் முதன்முறையாகத் தலைகாட்டுவதும் உண்டு. காதைக் குறிவைத்து அறைகிறான் என்பதால் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பல் மருத்துவரையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கடைவாய்ப்பல் வலி காதுப் பக்கம் இழுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்த்த ஒரு சிறுவன் ஏறக்குறைய ஆறு மாதங்கள் தாடையில் குத்திக்கொண்டே இருந்தான். அத்தனை நாளும் நாங்கள் அவனுக்கு நடத்தைத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் சொத்தைப்பல் ஒன்றைப் பிடுங்கியதும் குத்துவது நின்றுபோனது. அந்த ஆறு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உடம்பில் எந்தக் குறையும் இல்லை என்று உறுதியான பிறகு ஒரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்ட மிட்டாயைக் கொடுக்காததால் தரையில் புரளும் குழந்தை ஒரு கண்ணால் உங்களைப் பார்த்துக்கொண்டே புரளும். மிட்டாய் கைக்கு வந்ததும் அழுகை சட்டென நிற்கும். அது அடம். சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் எதிர்பாராத மாற்றமும் சேர்ந்து தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டவன் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்க மாட்டான். கேட்டதைக் கொடுத்தாலும் உடனே அடங்க மாட்டான். அடங்கியபின் துவண்டு கிடப்பான். இது நிலைகுலைவு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநலக் குறைபாடுகளைக் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ அளவுக்குக் குறைந்தோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு மருத்துவ உலகில் இடம் வாங்கித் தந்தது 1943-இல். அந்தக் கட்டுரையிலேயே உரத்த ஒலிகளுக்கு அக்குழந்தைகள் அஞ்சுவதை அவர் குறித்திருக்கிறார். ஏட்டில் அது அளவுகோலாக ஏறுவதற்கு 70 ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது ‘திமிர்’ என்று தோன்றினால் அவர்களை அதிகம் கோபித்துக்கொள்ள வேண்டாம்; ஆனால் அவர்கள் சொல்படி நடக்கவும் வேண்டாம்.

இனி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். இரண்டு வாரங்களுக்கு, ஒவ்வொரு முறை நடக்கும்போதும், அதற்குச் சற்று முன் என்ன இருந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ‘கோபப்பட்டான்’, ‘காரணமே இல்லாமல் கத்தினான்’ என்று எழுதினால் அதனால் ஒரு பயனும் இல்லை. அவை உங்கள் தீர்ப்புகள். கேமரா பதிவு செய்வதுபோல் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘செவ்வாய், 4.25. வேனிலிருந்து இறங்கினான். ஹாலில் பாட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சமையலறையில் மிக்சி ஓடியது. டிரெஸ் மாத்து என்று மூன்று முறை சொன்னேன். இடது காதில் ஐந்தாறு முறை அறைந்துகொண்டான். டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவனை உள்ளறையில் விட்டேன். பத்து நிமிடத்தில் அடங்கினான்.’ இதோடு முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினான், மதியம் டிபன் பாக்ஸ் காலியாக வந்ததா, மலம் கழித்தானா என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். நடக்காத நாட்களையும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏன் அமைதியாக இருந்தான் என்பது செவ்வாய்க்கிழமை ஏன் அறைந்துகொண்டான் என்பதைவிட அதிகம் சொல்லக்கூடும்.

எழுதியதை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு வழிகாட்டுகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் அவருடைய சகாக்களும் 1982-இல், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளும் 9 பேரை வெவ்வேறு சூழல்களில் மாறி மாறி வைத்துப் பார்த்தார்கள். ஒரு சூழலில் அடித்துக்கொண்டால் மட்டும் ஒருவர் வந்து அக்கறையோடு பேசுவார். ஒன்றில் கடினமான பாடம் கொடுக்கப்பட்டு, அடித்துக்கொண்டால் பாடம் சற்று நேரம் நிறுத்தப்படும். ஒன்றில் பிள்ளை தனியாக இருக்கும். ஒன்றில் எந்தக் கட்டளையும் இல்லாமல் விளையாடலாம். வெளிக்கு ஒரே மாதிரித் தெரிந்த செயல், ஒருவருக்கு ஒரு சூழலிலும் இன்னொருவருக்கு வேறொரு சூழலிலும் பெருகியது. ஆகவே செயலைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது. அந்தச் செயலால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். யாராவது திரும்பிப் பார்ப்பது, பிடிக்காத வேலையிலிருந்தோ இடத்திலிருந்தோ தப்பிப்பது, விரும்பிய பொருள் கைக்கு வருவது, அல்லது வெளியிலிருந்து எதுவும் வராமலேயே அந்த அடியே உடம்புக்குத் தரும் ஏதோ ஓர் உணர்வு என்று பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றோ இரண்டோ கலந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. ‘கண்டுகொள்ளாமல் விடுங்கள், தானாக நிற்கும்’ என்ற அறிவுரை உங்களுக்கும் கிடைத்திருக்கும். கவனத்துக்காகச் செய்யும் பிள்ளையிடம் அதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. பாடத்திலிருந்து தப்பிக்கக் கடிக்கும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவன் கேட்டதையே தட்டில் வைத்துக் கொடுத்ததாகிறது. சத்தம் தாங்காமல் அறைந்துகொள்பவனைக் கண்டுகொள்ளாமல் விடுவதோ, சூடு பட்டவன் கத்துவதைக் காதில் வாங்காமல் இருப்பதற்குச் சமம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் இந்த வழியை நிபுணரின் நேரடி மேற்பார்வை இல்லாமல் எடுக்கவே கூடாது. ஏனென்றால், இதுவரை பலன் தந்த ஒரு செயல் திடீரெனப் பலன் தராமல் போனால், அது குறைவதற்கு முன் சில நாட்கள் கடுமையாக ஏறக்கூடும். ஏறும் அந்த நாட்களில் பயந்து விட்டுக்கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அடித்துக்கொண்டால்தான் வேலை நடக்கும் என்பதை நாமே கற்றுக்கொடுத்துவிடுவோம்.

நீங்கள் எழுதியதை வைத்து ஊகிக்கிறேன். உங்கள் நோட்டு என்னைப் பொய்யாக்கினால் நோட்டையே நம்புங்கள். காலையிலிருந்து மாலைவரை வகுப்பறையில் அடங்கி உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஒரு மணி நேரம் ஹாரன் சத்தத்தில் வேன் பயணம். வீட்டுக்குள் நுழைந்ததும் டிவி, மிக்சி, குக்கர் விசில். அதற்குள் டிரெஸ் மாற்று, கை கால் கழுவு, ஹோம்வொர்க் எடு என்று வரிசையாகக் கட்டளைகள். தாங்கியது போதும் என்று சொல்ல அவனுக்குச் சொல் இல்லை. பள்ளியில் ஒழுங்காக இருக்கிறான், வீட்டில் மட்டும் இப்படி என்பதால் உங்கள் செல்லம்தான் காரணம் என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்க அடக்கிவைத்ததைப் பாதுகாப்பான இடத்தில் கொட்டுவது நமக்கும் உள்ள வழக்கம்தானே. அலுவலகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டில் எரிந்து விழாதவர் எத்தனை பேர்?

இந்த ஊகம் சரியென்றால் முதலில் மாற வேண்டியது அவன் அல்ல, மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட உங்கள் வீடு. அந்த ஒரு மணி நேரம் எந்தக் கட்டளையும் வேண்டாம். யூனிஃபார்மோடு படுத்தாலும் படுக்கட்டும். மிக்சியை அவன் வருவதற்கு முன்பே ஓட்டி முடித்துவிடுங்கள். டிவி பாட்டியின் ஒரே பொழுதுபோக்கு என்பதால் அதை நிறுத்தச் சொல்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். ஒரு ஹெட்போன் வாங்கிப் பாட்டிக்குக் கொடுங்கள், முடிந்தால் சத்தத்தைத் தடுக்கும் காது உறை ஒன்றை மகனுக்கும் வாங்குங்கள். தீபாவளி வாரத்தில் அது எப்படியும் தேவைப்படும். சில பிள்ளைகளுக்குக் கனமான போர்வை, ஊஞ்சல், இறுக்கமான அணைப்பு போன்றவை அமைதி தரும். ஆட்டிசம் உள்ளவரும் கால்நடை அறிவியல் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின், தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இறுக்கிப் பிடிக்கும் கூண்டைப் பார்த்துவிட்டு, இளம் வயதில் தனக்கென ஓர் அழுத்தும் கருவியைத் தானே செய்துகொண்டார். அதன் பிடி அவர் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். வேண்டாதவனை வலிந்து இறுக்குவது வேறு.

அடுத்தது என்ன, எப்போது முடியும் என்று தெரியாத தவிப்பே பல பிள்ளைகளைக் கடிக்க வைக்கிறது. பேச்சு காற்றில் கரைந்துவிடும். படம் சுவரில் நிற்கும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் வளர்த்தெடுத்து 1972-இல் அம்மாநிலம் முழுவதற்குமான திட்டமான டீச் (TEACCH) என்ற ஆட்டிசக் கற்பித்தல் முறையின் அடிப்படை இந்த எளிய உண்மைதான். வேன், தண்ணீர், படுக்கை, டிபன், குளியல், ஊஞ்சல் என்று ஆறு புகைப்படங்களை உங்கள் போனிலேயே எடுத்து அச்சிட்டு வரிசையாக ஒட்டுங்கள். முடிந்ததை அவனே எடுத்து ஒரு டப்பாவில் போடட்டும். விருந்தாளி வருகிறார், வேன் வராது, கரண்ட் இல்லை போன்ற மாற்றங்களுக்கும் ஒரு படம் வைத்திருங்கள். மாற்றத்தைத் தடுக்க முடியாது, ஐந்து நிமிடம் முன்பாகச் சொல்லிவைக்க முடியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கடிக்குப் பதிலாக அவனுக்கு ஒரு சொல்லைக் கொடுப்பது. எட்வர்டு கார், மார்க் டுராண்ட் என்ற இருவரும் 1985-இல் நான்கு குழந்தைகளிடம் இதைச் செய்து காட்டினார்கள். பாடம் கடினமாக இருக்கும்போது ரகளை செய்த குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் குறைந்தபோது ரகளை செய்த குழந்தைக்கு ‘நான் சரியாகச் செய்கிறேனா’ என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். ரகளை வெகுவாகக் குறைந்தது. ஆனால் காரணத்துக்குப் பொருந்தாத சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்தப் பின்பாதிதான். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் செலவிடச் சொன்னதும் இதற்காகத்தான்: காரணம் தெரியாமல் எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுப்பது?

உங்கள் மகனுக்கு ஓர் அட்டை போதும். கை விரித்துத் தடுப்பதுபோல் ஒரு படம், கீழே ‘போதும்’. அவன் அமைதியாக இருக்கும் காலை வேளையில், லேசாகப் பிடிக்காத ஏதாவதொன்றை, தலைவாருவதையோ நகம் வெட்டுவதையோ, தொடங்குங்கள். முகம் சுருங்கும் முதல் கணத்திலேயே பின்னாலிருந்து இன்னொருவர் அவன் கையைப் பிடித்து அட்டையை உங்களிடம் கொடுக்க வையுங்கள். ‘போதும்’ என்று சொல்லி உடனே நிறுத்திவிடுங்கள். ஒரு நொடியும் தாமதம் கூடாது, ‘இன்னும் ஒரு விரல்தான் கண்ணா’ என்ற பேரமும் கூடாது. கடித்தால் இரண்டு நொடியில் விடுதலை கிடைக்கிறது. அட்டை அதைவிட எளிதாகவும் விரைவாகவும் நம்பகமாகவும் இருந்தால்தான் அவன் கடியை விட்டுவிட்டு அட்டையை எடுப்பான். இப்படி எல்லாவற்றுக்கும் ‘போதும்’ காட்டித் தப்பித்துக்கொள்வானே என்று உங்கள் கணவர் கேட்பார். முதல் சில வாரங்கள் அப்படித்தான் நடக்கும், நடக்கட்டும். அட்டை பலிக்கும் என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகு ‘இன்னும் ஒன்று, பிறகு போதும்’ என்று மெல்ல நீட்டிக்கொள்ளலாம். அதே அட்டை பள்ளியிலும் இருக்க வேண்டும். வீட்டில் செல்லும் காசு பள்ளியில் செல்லாது என்றால் அவன் பழைய நாணயத்துக்கே திரும்பிவிடுவான்.

நிலைகுலைவு நடந்துகொண்டிருக்கும்போது கற்பிக்க எதுவும் இல்லை. காயமில்லாமல் கடப்பது மட்டுமே வேலை. பேச்சைக் குறையுங்கள், ‘என்னாச்சு, ஏன் இப்படிப் பண்றே’ என்ற ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு சத்தம். அவன் தங்கையை வேறு அறைக்கு அனுப்புங்கள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். தலையைச் சுவரில் மோதினால் இடையில் தலையணையைச் செருகுங்கள். உங்கள் கையைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் வெடுக்கென இழுக்காதீர்கள், சதை கிழியும். கையை அவன் வாய்ப்பக்கமாகவே மெல்ல அழுத்தினால் பிடி தளரும். முடியைப் பிடித்தால் அவன் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு விரல்களை விடுவியுங்கள். அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் அழுத்திப் பிடிப்பதை எந்தச் சூழ்நிலையிலும், வீட்டிலோ பள்ளியிலோ, அனுமதிக்காதீர்கள். மூச்சுத் திணறி உயிர் போன சம்பவங்கள் உண்டு. அடங்கிய பிறகு தண்ணீர் கொடுங்கள். ‘அம்மாவுக்கு சாரி சொல்லு’ வேண்டாம்.

அடி விஷயத்துக்கு வருகிறேன். ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்று உங்கள் மாமனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பழமொழி மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஆட்டிசத்துக்கான தீவிரப் பயிற்சியைப் பிரபலமாக்கிய இவார் லோவாஸ், 1960களில் கலிஃபோர்னியாவில் அறையும் மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பார்த்தவர்தான். அவருடைய புகழ்பெற்ற 1987 ஆய்விலும் தொடையில் தட்டுவது இருந்தது. பின்னர் வந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். அடி அந்த நேரத்துச் செயலைச் சில நிமிடம் அமுக்கும். அந்தச் செயலால் அவன் கேட்டுக்கொண்டிருந்தது அப்படியே பாக்கி இருக்கும். அது வேறொரு வடிவில் வெளிவரும். கூடவே, பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்ற பாடமும் ஏறிவிடும். மூன்று ஆண்டுகளில் அவன் உங்களைவிட உயரமாக இருப்பான் என்பதை மாமனாரிடம் மெல்லச் சொல்லிப் பாருங்கள்.

மாத்திரை பாவம் அல்ல. ஆட்டிசத்தோடு வரும் கடும் எரிச்சல், ஆவேசம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் ஆகியவற்றுக்காக, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிஸ்பெரிடோனை 2006-இலும் அரிப்பிப்ரசோலை 2009-இலும் சிறுவர்களுக்கு ஏற்றுக்கொண்டது. காயம் கடுமையாக இருந்து, மேலே சொன்னவற்றைச் செய்யவே இடம் கிடைக்காதபோது இவை வாசலைத் திறந்துவிடும். ஆனால் இவை ஆட்டிசத்துக்கான மருந்துகள் அல்ல. பேச்சைத் தராது, ‘போதும்’ அட்டையைக் கற்றுத்தராது. பசியும் எடையும் கூடும். குறிப்பாக ரிஸ்பெரிடோனில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறக்கூடும். ஆகவே தொடங்கும் முன்பும் தொடங்கிய பிறகும் எடை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்க்கும் மனநல மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். நீங்களாகத் திடீரென நிறுத்தவும் கூடாது. தூக்கம்தான் சிக்கல் என்று நோட்டு காட்டினால் அதைத் தனியே கேளுங்கள்; தூக்கம் சீரானதுமே பாதி குறைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த நேரத்தில் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் உங்களைத் தேடி வருவார்கள்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் ஆட்டிசத்துக்கு அப்படியொரு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது.

‘மாத்திரை போட்டால்தான் சேர்த்துக்கொள்வோம்’ என்று பள்ளி நிபந்தனை விதிக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தருவது அதன்படி பள்ளியின் கடமை. சட்டத்தோடு முதல் நாளே போய் நிற்காமல், நோட்டோடு போய் உட்காருங்கள். கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் அமைதியான மூலை கிடைக்குமா, வேனில் முன் இருக்கை கிடைக்குமா என்று குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் இறங்கி வருவார்கள்.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் குறையவில்லை என்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பிற மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ விசாரிக்கலாம். எங்கே போனாலும் நோட்டையும், போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றையும் கொண்டுபோங்கள். தலையில் அடித்துக்கொண்ட பிறகு வாந்தி, வழக்கமில்லாத மயக்கத் தூக்கம், கண் செருகுதல், காதிலிருந்து நீரோ இரத்தமோ வருதல், கண்ணில் அடி என்று எதைக் கண்டாலும் நோட்டு, அட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த நிமிடமே 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் முதல் வாக்கியமாகவே, இவனுக்கு ஆட்டிசம், வலியைச் சொல்லத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.